உளவளத்துணை என்னுஞ் சொல்

ஆங்கிலத்தார் ‘கவுன்சலிங்’ என வழங்கும் பணியைத் தமிழகத்தார் ‘உளவியல் ஆலோசனை’ என்பர். ஈழத்தில் நாம் அதனை ‘உளவளத்துணை’ என்கிறோம். இவ்விரண்டனுள் எது சிறந்த சொல் என்று கேட்பின் நம்மவர் சொல்லே என்பேன். ஊர்ப்பற்றினால் அவ்வாறு கூறவில்லை. ஆலோசனை என்றவுடனே சொல்பவர் ஒருவர், தலையாட்டுபவர் ஒருவர் என்றாகி, சொல்பவர் உயர்ந்த ஆசனத்தில் ஏறிவிடுகிறார். துணை என்பது உடன் வருதல். வழி நடப்பவர் வருந்துபவரே. துணை வருபவர் அவருக்காக நடந்து கொடுப்பதில்லை. மனத்துயர் மிக்குக் கட்டணம் கொடுத்து ஒருவரை நாடிச் செல்லும் நம் மலையகத்தார், நான் அறிந்தவரை, முதல் நாளோடு நின்றுவிடுவது ஏன்? துணை கிடைக்கும் இடத்திற்கு ஆலோசனையை எதிர்பார்த்துச் செல்கின்றனர். அதுவே காரணம் என்பது என் துணிபு.

நுவரெலியா, அட்டன் பகுதிகளிலே ஏறத்தாழ முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். நம் தோட்டத்துத் தாய்மார் ‘மனம் நோகின்றது’ என்று எளிதில் கூறார். தலைக்குத்து என்பர், நெஞ்சுப் படபடப்பு என்பர், கைகால் உளைச்சல் என்பர். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை இரண்டு கிடைக்கும். அதற்கும் தீராதாயின் உடுக்கடிப்பவரை அழைப்பர். அதற்கும் அப்பால் அவர்கள் அறிந்த பெயர் ‘அங்கொடை’ ஒன்றே. 1926இல் எழுந்த அவ்வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகம் என்று புதுப்பெயர் பெற்றது. நம் லயங்களிலோ பழைய பெயர் இன்றும் வசைச்சொல்லாகவே வழங்குகின்றது. வெள்ளைக் குளிசைக்கும் அங்கொடைக்கும் இடையே வேறொன்றுமில்லை என்று எண்ணும் மக்கள், தாங்க முடியாத நாளில் என் செய்வர்? 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். அந்நாளில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அவ்வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நஞ்சினை அரசாணை அகற்றிற்று. துயரினை அகற்ற அத்தகைய ஆணை இயலாது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை நம் மாணவர் பரீட்சைக்காக மனனம் செய்வர். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவம் நான்கு கூறுபடும் என்பது அதன் கருத்து. பரிமேலழகர் அங்கே நில்லாது, நோயாளிக்கு வேண்டுவன யாவை என்று மேலும் நான்கு வகுத்தார். பொருளுடைமை, மருத்துவன் வழி நிற்றல், நோய்நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தினால் வருந்துன்பம் பொறுத்தல் என்பன அவை. அவர் உடல் நோயை உட்கொண்டு எழுதினார். ஆயினும் உளவளத்துணையாளர் ஒருவரது அறைக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைப்பவருக்கு இதனினும் நல்ல கைவிளக்கு வேறொன்றை நான் கண்டிலேன். அவர் வைத்த முறையை மாற்றி, நோய்நிலை உணர்த்தலிலிருந்து தொடங்குகிறேன்; முழுச் சிகிச்சையும் அங்கேதான் இருக்கின்றது.

அவ்வறையில் கட்டிலும் இராது, கத்தியும் இராது. பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒரு அமர்வு ஒரு மணித்தியாலத்தையொட்டி, சில இடங்களில் 50 நிமிடம். முதல் நாளில் கேள்விகள் மிகுதி. எப்பொழுது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, உணவு எப்படி, வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா, முன்னர் மருந்து ஏதும் உட்கொண்டதுண்டா என்பனவெல்லாம் வரும். ‘உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா?’ என்று நேராகவே கேட்பர். திடுக்குற வேண்டா. கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே கிடந்தது வெளிவர வழி பிறக்கின்றது. ஆதலின் உண்மையே கூறுக. இத்தனையும் முடிந்தபின் நம்மவர் காத்திருப்பர், இனிப் புத்திமதி வரும் என்று. அது வருவதில்லை.

என்னிடம் பயின்று இப்பொழுது வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தாயை இழந்தபின் மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தார். நகரத்தில் ஒருவரிடம் சென்று வந்தார். (அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.) என்னைக் கண்டதும், “காசையும் குடுத்துட்டு நானேதாங்க சேர் பேசிக்கிட்டிருந்தேன். அவரு ஒண்ணுமே சொல்லலீங்களே!” என்று குறைபட்டுக்கொண்டார். நீ என்ன பேசினாய் என்றேன். தாயார் மலைக்குக் கொண்டுபோன கொழுந்துக் கூடை இன்னும் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்குவதையும், அதை எடுக்கவும் மனமின்றிப் பார்க்கவும் மனமின்றி அவர் பின்கதவால் போய்வருவதையும் பேசியிருக்கிறார். “இத யார்கிட்டயும் சொன்னதில்லீங்க சேர்” என்றார். சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாதிருந்தார். அடுத்த கிழமையும் சென்றார்.

எந்த மொழியில் உணர்த்துவது? செந்தமிழ் கற்பித்துச் சோறுண்பவன் நான். எனினும் அவ்வறையில் இலக்கணம் பாராதீர் என்று வற்புறுத்துவேன். ‘மனசு கெடந்து அடிச்சுக்குது’ என்று வருவதை ‘மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்’ என்று திருத்திச் சொன்னால் நோயில் பாதி வாயிலிலேயே நின்றுவிடும். இப்பேச்சு மருத்துவத்திற்குப் பெயரிட்டவளே ஒரு நோயாளிதான். 1880 முதல் 1882 வரை வியன்னா நகரில் புரோயர் என்னும் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பெண் அவள். 1895இல் புரோயரும் பிராய்டும் வெளியிட்ட நூலில் அன்னா ஓ என்ற புனைபெயரால் குறிக்கப்பட்டாள். நோயின் கடுமையில் தாய்மொழியாகிய ஜெர்மன் நாவில் எழாமற் போகவே, ஆங்கிலத்திலேயே பேசி ஆங்கிலத்திலேயே அப்பெயரையும் இட்டாள். நம்மவர்க்கு அந்த வசதியும் இல்லை. ஆதலின் நாள் குறிக்கும்போதே, தமிழில் பேசலாமா என்று கேட்டுக்கொள்க. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவே இருப்பின் இரகசியம் மூன்றாஞ் செவிக்குப் போகின்றது. பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதோ பெருங்கொடுமை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பிறந்த தமிழர்க்குப் பெரட்டும் அரைப்பேரும் பிள்ளைக் காம்பராவும் விளங்காதிருக்கலாம். அஃது அவர் குற்றம் அன்று. ‘அது என்ன?’ என்று கேட்பவராயின் நல்லவர். தெரிந்தாற்போல் தலையசைப்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

இரகசியம் என்றேன். நம் நாட்டில் வேறெங்கினும் அதன் அருமை லயத்தில் வாழ்ந்தவர்க்கே விளங்கும். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் வெந்நீர் வைப்பர். அன்பும் அவ்வாறே, வம்பும் அவ்வாறே. ‘எல்லாஞ் சொல்லலாம், வெளியே போகாது’ என்பதை நம் மக்கள் எளிதில் நம்பாமைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காரணம் அச்சுவர்களில் இருக்கின்றது.

குறிஞ்சிப் பாட்டுக்களைப் படித்தவர்க்கு ஒன்று நினைவு வரலாம். தலைவி மெலிகின்றாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியைக் கேட்டு, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். நோய் முருகனால் வந்ததன்று என்பதை அறிந்தவள் தோழி ஒருத்தியே. மலைநிலத்து மக்கள் மனநோய்க்கு உடுக்கடித்த வரலாறும், அது பிழைபட்ட முறை என்று புலவர்கள் குறிப்பாக நகைத்த வரலாறும் நம்மிடம் இத்துணைப் பழமையானவை. அவ்வாறாயின் உளவளத்துணையாளரைத் தோழி எனலாமா? நண்பர் சிலர் அப்படி மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. தோழி உரிய நேரத்தில் அறத்தொடு நின்று செவிலியிடம் உண்மையை உரைத்துவிடுவாள். அவள் கடமை அது. உளவளத்துணையாளர் கடமை உரையாதிருத்தல். கணவர் கேட்டாலும், மாமியார் கேட்டாலும், தோட்டத்துத் துரையோ பாடசாலை அதிபரோ கேட்டாலும் உரையாதிருத்தல். விலக்குகள் சில உண்டு. தன்னுயிர்க்கோ பிறருயிர்க்கோ ஆபத்து நேருமாயின், குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுமாயின், நீதிமன்றம் ஆணையிடுமாயின் அவர் வாய்திறக்க நேரும். பெயரை மறைத்துத் தம் மேற்பார்வையாளருடன் கலந்துகொள்வதும் உண்டு. இவற்றை முதல் அமர்விலேயே விளக்குவது வழக்கம். விளக்காராயின் நாமே கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை ஆகாது.

இனி, துன்பம் பொறுத்தல். இரண்டாம் மூன்றாம் அமர்வுகளின் பின் வீடு திரும்புபவர் சிலர் முன்னையினும் சோர்ந்து காணப்படுவர். மூடிக் கிடந்த புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும். வீட்டார், ‘காசு கொடுத்து நோயை வாங்கி வந்தாயா?’ என்று கேட்பதும் அப்போதுதான். எரிவு இயல்பு என்பதை முன்னமே அறிந்திருப்பின் பாதி வழியில் திரும்ப மாட்டார்கள். நம் ஒப்பாரியை எண்ணிப் பாருங்கள். இருப்பவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம், மாமியாரின் கொடுமையையும் உடன்பிறந்தார் கைவிட்டதையும், இறந்தவர் தலைமாட்டில் நம் பெண்கள் பாடித் தீர்த்தனர். மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை நமக்குக் காட்டிய செல்வத்தில் இத்துயரப் பேச்சு நிறைய உண்டு. ஆனால் ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. சாவு இன்றியே அழ ஓர் இடம் கிடைப்பது சிறிய காரியமா?

மருத்துவன் வழி நிற்றல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீட்டில் செய்யச் சொல்லும் சிறு பயிற்சிகளைச் செய்க. வராத நாளை முன்கூட்டி அறிவிக்க. ஆனால் வழி நிற்பதற்கு முன் அவர் யார் என்று பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருப்பார். உளவியலாளரும் உளவளத்துணையாளரும் மருந்து கொடுப்பதில்லை. எங்கே பயின்றீர்கள், எத்துணைக் காலம், யார் மேற்பார்வை என்று கேட்டால் நல்லவர் முகஞ்சுளியார். மூன்று நான்கு அமர்வுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லையாயின் அதை அவரிடமே கூறி வேறொருவரை நாடலாம். இதில் நன்றிகெட்ட செயல் எதுவுமில்லை. ‘ஒரே நாளில் தீர்ப்பேன்’ என்பவரை விட்டு அன்றே விலகுக.

பொருளுடைமைக்கு வருவோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. தனியாரிடம் ஒரு அமர்வு பல நாட்கூலியை விழுங்கக்கூடும். பஸ் கட்டணமும் இழந்த அன்றைய பேரும் வேறு. சிந்தனையையும் செயலையும் திருத்தும் முறையிலான சிகிச்சைக்குப் பெரும்பாலும் 6 முதல் 20 வரை அமர்வுகள் வேண்டும் என்பர். ஆதலின் கட்டணம் எவ்வளவு, எத்தனை அமர்வு, குறைத்துக் கொள்வீர்களா என்று முதலிலேயே கேட்பதற்கு வெட்கம் வேண்டா. தொலைபேசி வழியே பேசலாம் என்பர் சிலர். லயத்துக் காம்பராவில் அதற்கு ஏது தனிமை? சிக்னல் தேடி மலையேறுபவர்க்கு ஒருவேளை அது கிடைக்கலாம்! கட்டணம் இயலாதவர்க்கு வாயில் அடைபடவில்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்கில் காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர் உளர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இரவும் பகலும் தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்திரயோ என்னும் தொண்டமைப்பினர், கட்டணமின்றிச் செவிகொடுப்பதையே பணியாகக் கொண்டவர்கள்.

தொழிற்சங்கத்தைச் சார்ந்த நண்பர் ஒருவர் என்னை மறுத்தார். கூலியும் வீடும் காணியும் கொடுத்தால் இவர்கள் துயர் தானே தீரும், நாற்காலியில் இருத்திப் பேசுவது பணக்காரர் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி. கூலியும் வீடும் காணியும் வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வழக்கில்லை. ஆயின் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களன் நான்கு கூறினார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உரியவரை இழத்தல், நிலை குலைந்து வருந்துதல் ஆகிய மூன்றையும் எண்ணிய பின்னரே வறுமையைக் கூறினார். வறுமை தீர்ந்த வீட்டிலும் முன்னைய மூன்றும் குடியிருக்கக் காண்கிறோம். கூலி உயர்வுக்காகப் போராடும் சங்கம், தன் கிளைக் காரியாலயத்தில் கிழமைக்கு ஒரு பிற்பகல் தமிழறிந்த உளவளத்துணையாளர் ஒருவரை இருத்துமாயின் அதனால் போராட்டம் தளர்ந்துவிடாது. கட்டணத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ள அதுவே வழியுமாகும்.

பாடசாலைகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். வழிகாட்டல் ஆலோசனைக்கென ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அவருக்கு மேசை போடும் இடம் எது? ஆசிரியர் ஓய்வறையின் மூலை. பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி தந்தையின் குடியைப் பற்றி அங்கே வாய்திறந்தால் இடைவேளை மணியடிக்குமுன் பாடசாலை முழுவதும் அறிந்துவிடும். புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. பழைய வரைபடங்களும் உடைந்த வாங்குகளும் அடுக்கியுள்ள பின்னறையைச் சுத்தஞ்செய்து, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவும் இரண்டு நாற்காலிகளும் போடுவதற்கு வரும் தவணை விடுமுறை போதும்.