ஜாடியைக் கவுத்துப் பாருங்க மக்களே!

"பொட்டி தட்டப் போனவன் பூஜாடி பொறுக்கிட்டு வந்தான்." புதுச்சத்திரத்துல நமக்கு இதான் பேரு. பொய்யில்லை. ஆணி புடுங்க ஆறு மாசம் ஜெர்மனி போனப்ப, ஸ்டுட்கார்ட்ல பழைய சாமான் சந்தையில எட்டு யூரோவுக்கு ஒரு ஜாடி வாங்கினேன். இப்போ பதினொண்ணு இருக்கு. "தார் ஊத்தின மாதிரி இருக்கு, இதுக்காடா காசு குடுத்தே?"ன்னு மாமா கேட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். 1960, 70கள்ல மேற்கு ஜெர்மனியில ஷாய்ரிஷ், ருஷா, கார்ஸ்டன்ஸ் மாதிரி கம்பெனிகள் செஞ்ச ஜாடிங்க இது. எரிமலைக் குழம்பு வழிஞ்சு உறைஞ்ச மாதிரி கிளேஸ். அதுல சிலிக்கான் கார்பைடு கலந்துட்டா, சூளைச் சூட்டுல வாயு கிளம்பி, குமிழ் வெடிச்சு, குழி குழியா நின்னுடும். ஃபேஷன் மாறினதும் ஜெர்மன்காரங்களே சந்தைக்குத் தள்ளிட்டாங்க. 2006ல இங்கிலாந்துல மார்க் ஹில் 'ஃபேட் லாவா'ன்னு புத்தகம் போட்டார், கண்காட்சியும் நடந்தது. மவுசு எகிறிடுச்சு.

புத்தகம் போட முடிஞ்சது எப்படி? ஜாடியைக் கவுத்துப் பாத்ததால. அடியில 'டபிள்யூ. ஜெர்மனி'ன்னு இருக்கும். பல ஜாடிங்கள்ல ரெண்டு எண்ணும் இருக்கும். ஒண்ணு வடிவத்துக்கு, இன்னொண்ணு உயரம், சென்டிமீட்டர்ல. யாரோ பொறுமையா அதையெல்லாம் எழுதி வச்சாங்க.

இப்போ நம்ம கதை. பொங்கலுக்கு ஊருக்குப் போனா, அப்பாயியோட ஊறுகாய் ஜாடி ரெண்டையும் காணோம். "பழைய சாமான் வண்டிக்காரன் ஒரு பிளாஸ்டிக் குடம் குடுத்தான் கண்ணு, போட்டுட்டேன்"ங்கறாங்க அம்மா. அம்மா மேல கோவம் வரலை. பதினோரு ஜெர்மன் ஜாடிக்கும் அடியில என்ன இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். அப்பாயி ஜாடியை ஒரு தடவைகூட கவுத்துப் பாத்ததில்லை. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"ஊறுகாய் ஜாடியெல்லாம் கலையா? அது ஃபேக்டரி சரக்கு"ன்னு ஒரு கோஷ்டி வரும். ஜெர்மன் ஜாடி மட்டும் என்னவாம்? அதுவும் ஃபேக்டரி சரக்குதான். நம்ம பழைய பழுப்பு ஜாடிகள்ல உப்பு கிளேஸ் போட்டதும் உண்டு. ஆயிரத்து இருநூறு டிகிரி தாண்டுன சூளைக்குள்ள உப்பைப் போட்டா, அது ஆவியாகி மண்ணுல இருக்கற சிலிக்காவோட சேர்ந்து கண்ணாடியாப் படியும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. புளிப்பும் உப்பும் அதை அரிக்காது. ஊறுகாய்க்கு அது லேசுப்பட்ட பாதுகாப்பு இல்லீங்க.

"அதான் காரைக்குடியில பழம்பொருள் கடைங்க இருக்கே"ன்னு அடுத்த கோஷ்டி. இருக்கு. ஆனா கடைக்குப் போயிட்டா, அது யார் வீட்டு ஜாடி, எத்தனை தலைமுறை மாங்கா போட்டதுன்னு யாரு சொல்லுவா? வெள்ளைக்காரன் புத்தகம் போட்டாத்தான் நமக்குக் கண்ணு தெரியுமா?

அடுத்த தடவை ஊருக்குப் போனா பரண்ல ஏறுங்க. ஜாடியைக் கவுத்துப் பாருங்க. முத்திரை இருந்தா போட்டோ எடுங்க. யார் வாங்கினது, எந்த ஊர்ச் சந்தையிலன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க. ஷோகேஸ்ல வைக்க வேணாம், திரும்ப ஊறுகாயே போடுங்க.

பக்கத்து வீட்டு பெரியம்மாகிட்ட இன்னும் ஒரு ஜாடி இருக்கு. கவுத்துப் பாக்கலாமான்னு கேட்டேன். "உள்ள மாங்கா கெடக்குது சாமி, தீரட்டும்"னாங்க.

வாரம் ரெண்டு தடவை அவங்க வீட்ல ஊறுகாய் வாங்கித் தின்னுட்டிருக்கேன் :-)