சுறாவுக்கு முன் காதும் மூச்சும்

கம்பம் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைக்குக் கடல்தான் தூரம், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டத்துக் கிணற்றிலோ முல்லைப் பெரியாற்றிலோ நீச்சல் பழகிய பிள்ளைகள், இப்போது கைபேசியில் சுறாவோடு நீந்துபவர்களைப் பார்த்துவிட்டு, "அரையாண்டு லீவுக்கு நாமும் போகலாமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பெற்றவர்கள் வாயில் முதலில் வருவது, "சுறா கடிச்சிட்டா என்ன பண்றது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அவர்கள் கேட்காமல் விடுகிற கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது.

மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகள் 2024இல் உலகம் முழுக்க 47 பதிவாயின. அவற்றில் இறந்தவர்கள் 4 பேர். கடிபட்டவர்களில் பெரும்பாலோர் கரையோரம் குளித்தவர்களும் அலைச்சறுக்கு ஆடியவர்களும்தான். ஆனாலும் பயம் பழையது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவர் இல்லாமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கடல்கட்டிகளுக்குப் போனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பின்னாளில் ஆங்கிலேய அரசே இவர்களுக்குக் கூலி கொடுத்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கடல்கட்டியின் இடத்தில் இன்று டைவிங் நிலையத்தார் நீட்டும் மருத்துவப் படிவம் இருக்கிறது. அதையும் பலர் மந்திரம்போலத்தான், படிக்காமல், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

'ஷார்க் டைவிங்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு காரியங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, படகோரம் கட்டிய இரும்புக் கூண்டுக்குள் நின்று பார்ப்பது. தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் இதற்குப் பேர்போன ஊர். ஆனால் 2017 முதல் ஓர்கா திமிங்கலங்கள் அங்கே வெள்ளைச் சுறாக்களைக் கொல்லத் தொடங்கியபின் அவை பெருமளவு இடம்பெயர்ந்துவிட்டன. அவ்வளவு தூரம் பறந்து போய் வேறு வகைச் சுறாவைப் பார்த்துத் திரும்ப நேரலாம். இரண்டாவது ஸ்நார்க்கலிங்: முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு நீரின் மேலே மிதந்தபடி கீழே பார்ப்பது. மூன்றாவதுதான் சிலிண்டரோடு உள்ளே இறங்கும் ஸ்கூபா. பெற்றவர்கள் பயப்பட வேண்டியது இந்த மூன்றாவதற்கு. அதுவும் சுறாவுக்காக அல்ல.

கிணற்றில் நம் பிள்ளைகளின் பந்தயம் என்ன? மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய் மண்ணள்ளி வருவது. இதில் நுரையீரலில் இருப்பது மேலேயே இழுத்த காற்று. கீழே போகையில் அது சுருங்கும், மேலே வருகையில் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். சிலிண்டரில் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இரு மடங்கு. அங்கே வாயில் கவ்வும் ரெகுலேட்டர் வழியாக நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வருவதற்குள் இரண்டு பங்காக விரியும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்திருந்தால் நுரையீரல் கிழியலாம். அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடம்: எந்த நிலையிலும் மூச்சைப் பிடிக்காதே. கிணற்று நீச்சல் பழகிய பிள்ளைக்குத் தண்ணீர் பயம் இருக்காது. பயிற்சியில் கேட்கும் 200 மீட்டர் நீச்சலையும் 10 நிமிட மிதப்பையும் சிரித்துக்கொண்டே முடித்துவிடும். ஆனால் பதற்றம் வந்தால் மூச்சடக்கி மேலே பாய்வது அதன் உடம்பில் ஊறிய பழக்கம். நீச்சல் தெரியும் என்று சொல்லும்போதே இந்தப் பழக்கத்தையும் பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது காது. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கினால் திறப்பதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம் அது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காது தாங்குகிற அழுத்த மாற்றம், தண்ணீருக்குள் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டினாலே வந்துவிடுகிறது. ஆகவே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்து திறந்துதான் இறங்க வேண்டும். சளி பிடித்திருந்தால் இது நடக்காது. காசு கட்டியாயிற்றே என்று மூக்கடைப்போடு இறக்கினால் செவிப்பறை கெடும். வீசிங், வலிப்பு, காதில் பழைய ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்கிவிட வேண்டும். கடற்கரையில் போய் மறைப்பதில் லாபமில்லை.

வயதுக்கும் வரம்பு உண்டு. உலகில் மிகப் பரவலாக இருக்கும் 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி 10 வயதில் இளையோர் பயிற்சி தொடங்கலாம். 12 முதல் 14 வரை உள்ளவர்கள் சான்று பெற்ற பெரியவர் ஒருவரோடு 18 மீட்டர் வரை போகலாம். அப்பாவோ அம்மாவோ கூட இறங்க நினைத்தால் அவர்களும் படித்தாக வேண்டும். பயிற்சிக்கு மூன்று நான்கு நாள் ஆகும். ஐந்து நாள் பயணத்தில் பயிற்சியையும் சுறாவையும் சேர்த்துத் திணிப்பதுதான் நாம் பார்க்கிற பெரிய தவறு. பாடத்தை இணையத்தில் வீட்டிலேயே முடித்து, ஏப்ரலில் கேரளத்துக் கோவளத்திலோ புதுச்சேரியிலோ கடல் பயிற்சியை எடுத்துவிட்டு, சுறாவை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஸ்நார்க்கலிங் போதும், அதில் குறையொன்றும் இல்லை.

எங்கே போவது? ராமேஸ்வரம் பக்கம்தான், ஆனால் சுறா பார்க்க அது இடமல்ல. அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி நுழைய முடியாது, தண்ணீரும் பல நேரம் கலங்கல். லட்சத்தீவில் பவளப்பாறைச் சுறாக்கள் உண்டு, கொச்சியிலிருந்து விமானமும் உண்டு. நுழைவு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நம் பரிந்துரை மாலத்தீவு. 2010இல் அங்கே சுறா பிடிப்பதையே தடை செய்தார்கள். நம்மவர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் விசா கிடைக்கும். அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசி அங்கே வறண்ட பருவத்தின் தொடக்கம். கிறிஸ்துமஸ் கூட்டத்தால் விலை மட்டும் ஏறியிருக்கும். தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். பேருந்து நீளம் வளரக்கூடிய அந்த மீன் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்பது. மேலே மிதந்தபடியே அதைப் பார்த்துவிடலாம், சிலிண்டர் தேவையில்லை. ஃபுவமுலா தீவின் புலிச்சுறாக்கள் இணையத்தில் புகழ்பெற்றவைதான். புதிதாகச் சான்று வாங்கிய பதினான்கு வயதுக்கு அது இடமல்ல.

திரும்பி வரும் வழியையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். ஸ்கூபா செய்தவர் உடம்பில் கூடுதல் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஆகவே கடைசி நாள் கரையில்தான். விமானத்தைப் பற்றி எல்லா நிலையங்களும் சொல்லும், மலையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடும். 600 மீட்டருக்கு மேலே போவதே உயரத்துக் கணக்கில் வரும். கோவளத்தில் காலையில் இறங்கிவிட்டு மாலையே குட்டிக்கானம், குமுளி வழியாகக் காரில் வீடு திரும்பினால் அதுவும் ஆபத்துதான். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று சமவெளியைச் சுற்றி வரலாம், அல்லது அன்றிரவு அங்கேயே தங்கிவிடலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் டைவிங் நிலையத்தாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், சுறாவை வரவழைக்க இரை போடுவீர்களா, பக்கத்தில் நைட்ரஜன் குமிழி பாதிப்புக்கான அழுத்த அறைச் சிகிச்சை எங்கே இருக்கிறது. தொலைபேசியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள்; இறங்கப் போவது அதுதானே.