பிரித்தானியப் பாடசாலைகளும் பிள்ளைகளின் மனநிறைவும்

ஐரோப்பாவின் பதினைந்து வயது மாணவர்களுள் வாழ்க்கையில் மனநிறைவு மிகக் குறைந்தவர்கள் பிரித்தானிய மாணவர்களே என்ற செய்தி 2024 ஆகஸ்ட் மாத இறுதியில் வெளியாகியது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதனைச் சில நாட்கள் பேசின. எம்மவர் இல்லங்களிலோ அதே மாதம் வெளியான பரீட்சைப் பெறுபேறுகளே பேசுபொருளாக இருந்தன.

பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு 2022 இல் நடத்திய 'பீசா' ஆய்வின் தரவுகளை 'சில்ட்ரன்ஸ் சொசைட்டி' என்னும் தொண்டு நிறுவனம் தொகுத்து ஒப்பிட்டிருந்தது. பிரித்தானியாவில் 25.2 வீதமான மாணவர்கள் மனநிறைவு குன்றியோராகக் காணப்பட்டனர். ஐரோப்பிய சராசரி 16.6 வீதம், நெதர்லாந்தில் 6.7 வீதம் மட்டுமே.

நன்றாகப் படிப்பதற்குக் கொடுக்கும் விலை இது என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். ஆனால் அதே ஆய்வின் கணிதத் தேர்வில் பிரித்தானியா 489 புள்ளிகளையும் நெதர்லாந்து 493 புள்ளிகளையும் பெற்றன. வாசிப்பில் நெதர்லாந்து 459 இற்குச் சரிந்து பின்தங்கியதையும் நாம் மறைப்பதற்கில்லை. எனினும், வருந்திப் படித்தவன்தான் முந்துவான் என்ற எமது பழைய நம்பிக்கைக்கு இக்கணக்கு இடந்தரவில்லை.

அவ்வாறாயின் பிள்ளைகளை வாட்டுவது எது? பரீட்சைகளின் தொகை என்றே எவரும் எண்ணுவர். 2015 இல் நடந்த பீசா ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பரீட்சை எத்தனை முறை வைக்கப்படுகின்றது என்பதோடு மாணவரின் பதற்றம் அவ்வளவாகத் தொடர்புறவில்லை. ஆசிரியர் தமக்குத் துணைநிற்கின்றார் என்ற உணர்வோடு அது நெருங்கித் தொடர்புற்றிருந்தது. தமது திறமையை ஆசிரியர் குறைத்து மதிப்பிடுவதாக எண்ணும் மாணவர்கள், படிக்கும்போது மிகுந்த இறுக்கத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 62 வீதம் அதிகமாக இருந்தது. எது காரணம், எது விளைவு என இத்தகைய கணக்கெடுப்புகளால் அறுதியிட இயலாது. ஆயினும், இடைநடுவில் வந்து சேர்ந்து, ஆங்கிலம் தடுமாறுவதனாலேயே கணிதத்திலும் கீழ்ப்பிரிவில் அமர்த்தப்படும் அகதிப் பிள்ளையின் நிலையை இத்துடன் பொருத்திப் பார்க்காமல் இருக்க எம்மால் முடியவில்லை.

வீட்டைப் பற்றியும் அவ்வாய்வு பேசியது. பெற்றோரிடமும் வினவப்பட்ட நாடுகளில், பிள்ளையோடு சும்மா இருந்து கதைப்பது, ஒரே மேசையில் உணவருந்துவது, பாடசாலை விடயங்களை உரையாடுவது ஆகியவை வழக்கமாக உள்ள வீடுகளின் பிள்ளைகள் உயர்ந்த மனநிறைவைத் தெரிவிக்கும் வாய்ப்பு 22 முதல் 39 வீதம் வரை அதிகமாக இருந்தது.

இங்குதான் எமது சங்கடம். தந்தை எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை. தாய் அதிகாலையில் துப்புரவு வேலை. சனி, ஞாயிறு பிள்ளைக்கு ரியூசன். அன்பில்லாமல் அல்ல, வாடகையும், ஊருக்கு அனுப்பும் பணமும், கடனும் காத்திருக்கின்றன. பிள்ளையைக் காணும் அந்தப் பத்து நிமிடத்தில் எம் வாயில் வருவது "எத்தனை புள்ளி?" என்ற கேள்வி ஒன்றே. பெற்றோர் சந்திப்புக்குச் சென்றாலும் ஆசிரியர் கூறுவதைப் பிள்ளையே எமக்கு மொழிபெயர்க்கின்றது. தன்னைப் பற்றிய முறைப்பாட்டையும், சில வேளைகளில் தன் துயரத்தையும், அப்பிள்ளை எவ்வாறு மொழிபெயர்க்கும்? மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து தருமாறு பாடசாலையிடம் முற்கூட்டியே கேட்கலாம். கேட்ட பெற்றோர் எம்மிடையே மிகச் சிலரே.