பினீசியர்கள் யார் வீட்டுச் சொத்து?

"நாங்கள் அரேபியர்கள் அல்ல, பினீசியர்கள்!" லெபனானில் சுமார் நூறு வருடமாகக் கேட்கும் கோஷம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய பினீசியர்கள் தங்களை அப்படி அழைத்துக் கொண்டார்களா என்று பார்த்தால்... இல்லை!

அது கிரேக்கர்கள் வைத்த பெயர். 'ஃபொய்னிக்ஸ்' என்றால் கிரேக்கத்தில் செவ்வூதா நிறம், பேரீச்சை என்றெல்லாம் பொருள். கடல் நத்தையிலிருந்து எடுத்த சாயத்தை விற்றவர்கள் என்பதால் வந்திருக்கலாம் என்பார்கள். அதாவது, கடைக்காரருக்கு வாடிக்கையாளர் வைத்த பட்டப்பெயர்! அவர்களின் கல்வெட்டுகளிலோ 'சீதோனியரின் அரசன்', 'பிப்லோஸின் அரசன்' என்றுதான் இருக்கிறது. தீரு, சீதோன், பிப்லோஸ்... ஒவ்வொன்றும் தனி நகரம், தனி அரசன். ஒரே நாடாக இருந்தவர்கள் அல்ல.

சரி, எங்கிருந்து வந்தார்கள்? எரித்திரேயக் கடல் பக்கமிருந்து குடியேறியவர்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். அகழாய்வு அதற்குத் துணை நிற்கவில்லை. அவர்கள் அந்தக் கரையிலேயே வாழ்ந்த கானானியரின் தொடர்ச்சி. 2017ல் வந்த மரபணு ஆய்வில், சீதோனில் சுமார் 3700 வருடங்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஐந்து பேரின் எலும்புகளைச் சோதித்தார்கள். இன்றைய லெபனான் மக்களின் வம்சாவளியில் 90 சதவிகிதத்துக்கு மேல் அந்தக் கானானியர் வழி வந்தது என்று தெரிந்தது.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே!" என்று கோஷக்காரர்கள் குதிக்க வேண்டாம். 1919ல் சார்ல் கோர்ம் பெய்ரூட்டில் பினீசியாவின் பெயரில் பிரெஞ்சு இதழ் தொடங்கிய காலத்திலிருந்து, இந்த வாதத்தை அதிகம் தூக்கிப் பிடித்தவர்கள் மரோனைட் கிறிஸ்தவர்கள். ஆனால் தீருவிலும் சீதோனிலும் இன்று வாழ்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரபு பேசுகிறார்கள், அதே மண்ணின் பிள்ளைகளாகவும் இருக்கிறார்கள். பிறகு யாரை வெளியே தள்ள இந்தப் பெயர்?

இன்னொரு வேடிக்கை. கார்த்தேஜ் முதலான மேற்குக் குடியேற்றங்களின் எலும்புகளை ஆராய்ந்த முடிவு 2025ல் வெளியானது. அங்கே பினீசிய மொழி பேசி, பினீசியத் தெய்வங்களைக் கும்பிட்டவர்களிடம் லெபனான் கரையின் வம்சாவளி மிகமிகக் குறைவு. சிசிலி, ஏஜியன் பகுதி, வட ஆப்பிரிக்கா என்று பல ஊர் ரத்தம்!

ஆக, ரத்தம் இருக்கும் இடத்தில் அந்த மொழி இல்லை. மொழி இருந்த இடத்தில் அந்த ரத்தம் இல்லை. இதை வைத்துக்கொண்டு 'உண்மையான வாரிசு' சான்றிதழ் கொடுப்பது எப்படி? 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போரில் எரிந்த நாடு அது. "நீ யார்?" என்ற கேள்வியும் அந்த நெருப்பில் விழுந்த விறகுதான்.

யாரிடமும் சரக்கு விற்ற வியாபாரிகள் அவர்கள். அவர்கள் பெயரால் பக்கத்து வீட்டுக்காரனை அந்நியனாக்குவதுதான் கொடுமை!