பிள்ளையின் அறிவுக்கு எத்தனை மார்க்?

இங்கே மலைக்கு வரும் சிறப்பாசிரியர்கள் எல்லோரும் 'பினெட் காமத் டெஸ்ட்' என்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த என் காதுக்கு அது கொஞ்சம் இடிக்கும். அந்த மொழியில் கடைசி 'ட்' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. அவர் பெயர் அல்ஃப்ரெட் பினே. போகட்டும், பெயரைத் தப்பாகச் சொன்னால் குடி ஒன்றும் முழுகிவிடாது. அவர் செய்த வேலையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டதில்தான் பல பிள்ளைகளின் குடி முழுகியிருக்கிறது.

1904-இல் பாரிஸில் தொடங்கிய கதை இது. பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்ற சட்டம் வந்து இருபது வருஷம் தாண்டியிருந்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கல்வி அமைச்சர் ஒரு கமிட்டி போட்டார். (கமிட்டி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.) அதில் பினேயும் ஒருவர். எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பதை அதுவரை வாத்தியாரின் எரிச்சலும் டாக்டரின் ஊகமுமே முடிவு செய்தன. சேட்டைக்காரன், காது மந்தமானவன், வீட்டில் சோறு இல்லாதவன் எல்லோருமே 'மண்டையில் ஒன்றுமில்லை' என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டார்கள். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் பினேயும் தியோடோர் சிமோன் என்ற டாக்டரும் 1905-இல் 30 சின்னச் சின்ன வேலைகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள். முதல் வேலை, எரியும் தீக்குச்சியைக் கண் பின்தொடர்கிறதா என்று பார்ப்பது. போகப் போகக் கடினமாகும். 1908-இல் அதையே வயதுவாரியாக அடுக்கினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் 20 சூ காசுக்குச் சரியாகச் சில்லறை தர வேண்டும்.

அதற்கு முன்னால் பினே பள்ளிப் பிள்ளைகளின் தலைச் சுற்றளவையும் அளந்து பார்த்தவர். கெட்டிக்காரனுக்கும் மக்குக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று கண்டு அதை விட்டுவிட்டார். இன்று பேரப்பிள்ளைகளின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, ரேகையை வைத்து மூளையின் திறமையைச் சொல்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர். அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. உங்கள் மகனோ மருமகளோ அந்த நோட்டீஸைக் காட்டினால் அந்தக் காசில் பிள்ளைக்கு நாலு கதைப் புத்தகம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

பினே தன் பட்டியலை ஒரு தராசாக நினைக்கவில்லை. அறிவு என்பது மாறாத அளவு, அதைக் கூட்டவே முடியாது என்பவர்களை எதிர்த்து 1909-இல் ஒரு புத்தகமே எழுதினார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் பழக்கித் தரும் பயிற்சிகளையும் சொன்னார். 1911-இல் ஐம்பத்து நாலு வயதில் போய்விட்டார். மறு வருஷமே ஷ்டெர்ன் என்ற ஜெர்மானியர் மன வயதை உடல் வயதால் வகுக்கலாம் என்றார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். ஐ.க்யூ. பிறந்தது. நியூயார்க் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத ஏழைகளை அதே மாதிரிச் சோதனை செய்து, சோதித்தவர்களில் பெரும்பாலோர் மந்தபுத்தி என்று எழுதினார்கள்.

அந்தச் சோதனை கடைசியில் நம் பக்கமும் வந்தது. 1930-களில் தார்வாட்டில் வி.வி. காமத் என்பவர் அதைக் கன்னடத்திலும் மராத்தியிலும் மாற்றி, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து அளவுகளை வகுத்தார். அவருடைய புத்தகம் 1940-இல் வந்தது. நல்ல உழைப்பு. ஆனால் பாரிஸிலிருந்து கலிஃபோர்னியா, அங்கிருந்து தார்வாட், அங்கிருந்து நாமக்கல் என்று வந்து சேர்ந்த அளவுகோலை, எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கோடுகளோடு, நம் மலைப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பினேயின் பழைய பட்டியலில் ஒரு கேள்வி உண்டு: 'ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்ய வேண்டும்?' கொல்லிமலையில் ரயில் ஏது? பார்க்க வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ராசிபுரமோ நாமக்கல்லோ போக வேண்டும். அங்கேயே ரயில் ஓட ஆரம்பித்தது 2013-இல்தான். விளையாட்டாகப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். ஒன்பது வயது. "ரயில் எங்க போகுது தாத்தா?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். சரி, பஸ்ஸை விட்டுவிட்டால்? "பஸ்ஸு ரோட்டோட சுத்திக்கிட்டுத்தான வரும். நான் ஒத்தையடிப் பாதையில எறங்கி முன்னாடியே போயி நின்னுக்குவேன்" என்றான். முதல் பதிலுக்கு மார்க் கிடையாது. இரண்டாவது கேள்வி பட்டியலில் கிடையாது.

இதே பையன் சோளக்காடு சந்தையில் அப்பாவோடு மிளகு விற்க உட்காருவான். கிலோ 620 என்றால் முக்கால் கிலோவுக்கு 465 என்று வாயை மூடுவதற்குள் சொல்லுவான். அதையே பெருக்கல் கணக்காகத் தாளில் எழுதிக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவன் மட்டுமல்ல, பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை வைத்து 1985-இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. கடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கைத் தாளில் கொடுத்தபோது முப்பத்தேழுதான் சரியாகப் போட்டார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் பார்த்து இதையே 2025-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். கூடவே இன்னொன்றும் கண்டார்கள்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சந்தைக் கணக்குப் போடச் சொன்னால் அவர்கள் திணறுகிறார்கள்.

இதைக் கேட்டதும் சிலர் "மலைப் பிள்ளைகளுக்கு இயற்கை அறிவு, சோதனையெல்லாம் எதற்கு?" என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சந்தைக் கணக்கு தானாகப் பாடப் புத்தகத்துக்குள் நுழைந்துவிடாது, யாராவது உட்கார்ந்து இரண்டையும் இணைத்துச் சொல்லித்தர வேண்டும். உண்மையாகவே மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளை என்றால், 2016 சட்டப்படி 40 சதவீதம் என்ற சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகையோ பஸ் பாஸோ எதுவும் நகராது. சோதனை வேண்டும்தான். எப்படி நடக்கிறது என்பதில்தான் என் வழக்கு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்பிள்ளையை அவள் அம்மா கீழே ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனாள். படிவம் நிரப்பித் தரத் துணைக்கு நானும் போனேன். விடிகாலை பஸ். பிள்ளை பாதி வளைவிலேயே வாந்தி. மதியம் இரண்டு மணி வரை ஒரு கூடத்தில் காத்திருப்பு. சுற்றிலும் நூறு பேர் சத்தம். பினேயும் சிமோனும் அமைதியான தனி அறை வேண்டும், பிள்ளையை அன்பாகப் பேசிப் பயம் தெளிய வைத்த பிறகே கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இங்கே இருபது நிமிஷம். பிள்ளை வாயே திறக்கவில்லை. ஒரு எண் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பள்ளியில் அவள் கடைசி வரிசை, யாரும் அவளை எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. அடுத்த வருஷம் வேறொரு டாக்டர் பார்த்தபோது இரண்டு காதிலும் சீழ். பாதிப் பேச்சு அவளுக்குக் கேட்கவே இல்லை. காதைப் பார்த்த பிறகு அவளை முன் வரிசைக்கு மாற்ற அம்மா நாலு முறை பள்ளிக்கு நடந்தாள். 'சார்ட்டிபிகேட்டில் இப்படித்தானே இருக்கு' என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான், எனக்கு அந்தப் பதில் நன்றாகப் புரியும். ஃபைலில் எண் ஏறிவிட்டால் எதிரில் ஆள் உயிரோடு நின்றாலும் எண்தான் பேசும்.

அதனால் பேரப்பிள்ளையை அழைத்துப் போகும் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. முதலில் காதும் கண்ணும் பார்த்துவிடுங்கள். முந்தின நாளே இறங்கி, தெரிந்தவர் வீட்டில் பிள்ளையைத் தூங்க வையுங்கள். பிள்ளை எதற்குப் பதில் சொல்லவில்லை, ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எண்ணை மட்டும் வாங்கி வராதீர்கள். 'வைன்லாண்டு' என்று இன்னொரு அளவு உண்டு. பிள்ளை தானாகச் சாப்பிடுகிறதா, உடுத்துகிறதா, கடைக்குப் போகிறதா என்று பெற்றோரிடம் கேட்பார்கள். அங்கே வெட்கப்பட்டுக் கூட்டியும் சொல்லாதீர்கள், உதவித்தொகைக்காகக் குறைத்தும் சொல்லாதீர்கள். சிறுவயதில் தரும் சான்றிதழ் ஆயுசுக்கும் அல்ல. 5, 10, 18 வயதில் மறுபடி பார்க்க வேண்டும் என்று 2018 வழிகாட்டி சொன்னது. அந்தத் தேதியைக் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள், அலுவலகத்திலிருந்து யாரும் நினைவூட்டிக் கடிதம் போட மாட்டார்கள்.