அம்மா இல்லாத மாதிரி

அக்கா மகளுக்கு வியாழக்கிழமை உளவியல் தேர்வு. போன ஞாயிறு குவீன்ஸ்டவுன் நூலகத்தில் ஆய்வுமுறைக் குறிப்புகளை என் பக்கம் தள்ளிவிட்டு, “மாமா, எல்லாம் மனப்பாடம். உதாரணம் கேட்டாத்தான் மாட்டிக்குவேன்” என்றாள்.

என் பிழைப்பிலிருந்தே தொடங்கினேன். காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்பேன். இருபது பேர் அழைப்பார்கள். “நேயர்களின் கருத்து இதுதான்” என்று கூசாமல் சொல்லிவிடுவேன். அழைத்தவர்களோ அந்நேரம் வானொலி கேட்டவர்கள், பேச ஆசைப்பட்டவர்கள். தாமாக முன்வந்தவர்களின் மாதிரி அது. சிங்கப்பூர்த் தமிழர் எல்லாரும் இப்படித்தான் என்று அதை வைத்து எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

நல்ல உதாரணம் 2010ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வு. மனநலக் கழகம் தலைமையில் பெரியவர்கள் 6,616 பேரைப் பேட்டி கண்டார்கள். குடியிருப்பாளர்களில் இந்தியர் ஏறக்குறைய 9 விழுக்காடுதான். அந்த விகிதத்தில் எடுத்தால் நம்மைப் பற்றித் துல்லியமாகச் சொல்ல ஆள் போதாது. அதனால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒவ்வொருவரையும் சுமார் 30 விழுக்காடு எடுத்தார்கள். மொத்தக் கணக்கில் உண்மையான விகிதத்துக்கு ஏற்ப எடை கொடுத்துச் சரிசெய்தார்கள். அடுக்கு மாதிரி என்று நீ மனப்பாடம் செய்தது இதைத்தான் என்றேன்.

“அப்போ பாட்டியையும் கேட்டிருக்கலாமா?”

முடியாது. பேட்டி ஆங்கிலம், சீனம், மலாய் மொழிகளில் நடந்தது. அம்மாவின் மலாய், மெய்லிங் சந்தையில் மீன் விலை கேட்பதோடு சரி. தமிழ் மட்டுமே பேசுகிறவர்களுக்கு அந்த முடிவு பொருந்துமா? புற ஏற்புடைமை பற்றிய கேள்வி வந்தால் இதை எழுதலாம். (பின்னர் முதியவர்களை ஆராய்ந்த ‘வைஸ்’ ஆய்வில் தமிழிலும் பேட்டி கண்டார்கள்.)

மொழிபெயர்த்தால் மட்டும் தீர்ந்துவிடாது. அப்பா இறந்த வருடம் அம்மா ஒருமுறைகூட மனச்சோர்வு என்று சொன்னதில்லை. “நெஞ்சு பாரமா இருக்குய்யா” என்பார். இதயப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம், இரண்டு முறை. இரண்டு முறையும் இசிஜி ஒரே மாதிரி, ஒரு குறையும் இல்லை. அளவீடு மாறாமல் வந்தால் நம்பகத்தன்மை உண்டு. அளக்க வேண்டியதை அளந்ததா என்பது ஏற்புடைமை. நாங்கள் அளந்தது வேறு எதையோ. அது புரிய எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

அவள் கொஞ்ச நேரம் எழுதவில்லை.

“இதைப் பரீட்சையில எழுதலாமா மாமா?”

“பேர் போடாம எழுது. பாட்டிகிட்ட கேட்டுட்டு எழுது.”