பசுந்தூண்கள்

வீட்டைச் சுற்றிச் சிறிது நிலமுடையார்க்கு இக்காலத்தில் இரண்டு ஆசைகள் எழுகின்றன. வாயிலருகே காண்பார் கண்ணை நிறுத்தும் பசுந்தூண் ஒன்று வேண்டும் என்பது ஒன்று. அடுத்த வீட்டு மாடியினின்று நோக்குவார் பார்வை தம் முற்றத்தில் விழாதபடி பசுந்திரை ஒன்று வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஏற்ப, பக்கத்தில் விரியாது மேனோக்கி ஒடுங்கி வளர்ந்து, ஆண்டு முழுதும் பசுமை மாறாது நிற்கும் செடிகளும் மரங்களும் பல உள. அவற்றை விரும்புதல் குற்றமன்று. அவற்றை நாம் தெரிந்தெடுக்கும் முறையே பிழையுடையது என்பது என் கருத்து. நாற்றுப்பண்ணைக்குச் செல்வோர் பெரும்பாலும் கேட்பது, "இஃது எத்துணை விரைவில் வளரும்?" என்பதே. "இஃது எவ்வளவில் நின்றுவிடும்?" என்று கேட்பாரை யான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கேட்கத் தவறிய இவ்வினாவினால் விளைவது யாதென்பதை அறிய, இவ்வகைத் தாவரங்களை நெடுங்காலமாகப் போற்றிவரும் மேனாட்டிலிருந்து இரண்டு வரலாறுகளைக் கூறுவேன்.

முதலாவது அயர்லாந்து யூ மரத்தினது. யூ என்பது கரும்பச்சை நிறமான ஊசியிலைகளை உடையது. இயல்பில் கிளை பரப்பி வளர்வது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்மனா மாவட்டத்து மலைப்பக்கத்தில் ஜார்ஜ் வில்லிஸ் என்னும் குடியானவர், கிளையனைத்தும் நிமிர்ந்து நின்ற யூ கன்றுகள் இரண்டினைக் கண்டார். ஒன்றைத் தம் தோட்டத்தில் வைத்துக்கொண்டு, மற்றொன்றைத் தம் நிலக்கிழாருக்கு அளித்தார். குடியானவர் வைத்தது 1865-ஆம் ஆண்டில் பட்டுப்போயிற்று. நிலக்கிழாரின் புளோரன்ஸ் கோர்ட் தோட்டத்தில் நட்டதோ இன்றும் உயிருடன் இருக்கிறது. அதன் விதையினின்று முளைப்பன பெரும்பாலும் தம் குலவழக்கப்படி விரிந்துவிடுகின்றன. ஆகலின் வெட்டி நட்ட போத்துக்களாலேயே அவ்வகை பெருகிற்று. பல நாடுகளில் வாயில்தோறும் கல்லறைத் தோட்டங்கள்தோறும் நிற்கும் அயர்லாந்து யூக்கள் அவ்வொரு தாய்மரத்தின் கிளைகளே. இம்மரம் மெல்ல வளர்வது. கத்திரித்தால் முற்றிய கட்டையினின்றும் துளிர்ப்பது. தவறாக நட்டவனுக்கும் திருத்திக்கொள்ள அவகாசம் தருவது. (இலையும் விதையும் கொடிய நஞ்சாதலின், கால்நடை வாயெட்டும் இடத்தில் இதனை வைத்தலாகாது.)

இரண்டாவது வரலாறு விரைவின் வரலாறு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வெவ்வேறிடங்களில் வாழும் சைப்பிரஸ் இனங்கள் இரண்டு உண்டு. காட்டில் அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் ஊரையடுத்த லெய்ட்டன் மாளிகைத் தோட்டத்தில் அருகருகே நடப்பட்டமையால் அவை கலந்தன. 1888-ஆம் ஆண்டில் அக்கலப்பினின்று தோன்றியதே லேலண்டு சைப்பிரஸ். நல்ல நிலத்தில் ஆண்டிற்கு ஒரு மீட்டர் அளவுகூட உயரும். விட்டுவிட்டால் 30 மீட்டரையும் கடக்கும். சிறு மனைகளில் வாழ்வார் உடனே மறைவு வேண்டி இதனை வரிசை வரிசையாக நட்டனர். மறைவு கிடைத்தது, அயலார்க்கு வெயில் போயிற்று. வழக்குகளும் வசைகளும் பெருகி, ஈற்றில் 2003-ஆம் ஆண்டில் பாராளுமன்றமே உயர்ந்த வேலிகளைப் பற்றிச் சட்டம் செய்ய நேர்ந்தது. 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த பசுமை மாறா வேலியால் துன்புறும் அயலார், வேறு வழியால் தீராதபோது, உள்ளாட்சி மன்றத்தில் முறையிடலாம் என்னும் அவ்விதி இங்கிலாந்தில் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு செடியை அடக்க நாடாளும் சபை கூட வேண்டியிருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. வெட்டி அடக்கலாமே எனின், இதனைப் பழுப்பேறிய உட்கட்டை வரை வெட்டினால் அவ்விடம் மீண்டும் துளிர்ப்பதில்லை.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டின் மேற்கு மதிலோரமாக, மதிலுக்கு இரண்டடி தள்ளி, நெட்டிலிங்கக் கன்றுகள் நான்கினை யானே நட்டேன். நெட்டிலிங்கம் சீத்தாவின் குடும்பத்தது. அசோகம் என்று பலர் இதனைத் தவறாக அழைப்பர், அசோகம் வேறு. காட்டு நெட்டிலிங்கம் கிளை விரித்து நிழல் தருவது. தோட்டங்களில் நாம் வளர்ப்பது கிளைகள் தண்டோடு ஒட்டித் தாழ்ந்து தொங்கும் வகை. செம்பு நிறத் தளிரும் அலையலையான இலை விளிம்புமாக அது நிற்கும் அழகை யான் மறுக்கவில்லை. ஆயினும் அது செடியன்று, மரம். சில ஆண்டுகளில் பத்து மீட்டருக்கு மேல் உயர்ந்தது. நடைபாதையை அடைத்த கீழ்க்கிளைகளைக் கழித்தேன். கண்மட்டத்தில் இருந்த மறைவு போயிற்று, வானத்தில் மட்டும் திரை நின்றது. மேற்கு வீட்டில் மாடியறைக்கு முன்னே ஒரு திறந்த தளம் உண்டு. அவ்வீட்டுப் பாட்டியார் ஒருநாள் மதிலருகே வந்து, "தம்பி, மரம் நன்றாய்த்தான் இருக்கிறது, என் வற்றல்தான் காயமாட்டேன் என்கிறது" என்றார். சண்டையிட்டிருந்தாலும் எனக்கு அத்துணை உறைத்திராது. நுனியை வெட்டினேன். வெட்டிய இடத்தில் பல தலைகள் கிளைத்து, தூண் துடைப்பம் ஆயிற்று.

அதன் பின்னரே, முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கினைச் செய்தேன். யான் மாலையில் அமரும் திண்ணையினின்று மதில் 9 மீட்டர்; அவ்வீட்டு மாடிச் சன்னல் 12 மீட்டர். சன்னலின் மேல்விளிம்பு தரையினின்று 6 மீட்டர். அமர்ந்திருக்கும் என் கண் 1.2 மீட்டர். கண்ணுக்கும் சன்னலுக்கும் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தால், மதிலோரத்தில் நிற்கும் செடி அச்சன்னலை மறைக்க 4.8 மீட்டர் உயரம் வேண்டும். திண்ணையினின்று 3 மீட்டரில் நிற்கும் செடிக்கோ 2.4 மீட்டர் போதும்; சரிபாதி. மறைவு என்பது உயரத்தைப் பொறுத்ததன்று, இடத்தைப் பொறுத்தது. நாமோ எல்லைக் கோட்டிலேயே வேலி நிற்க வேண்டும் என்று பழகிவிட்டோம். அதனால் இருமடங்கு உயரத்தைத் தேடி, அயலார் வெயிலையும் சேர்த்து மறைக்கிறோம்.

இரண்டரை மீட்டர் உயரமே வேண்டுமெனின், ஒடுங்கி வளரும் சிறு செடிகளுக்குக் குறைவில்லை. குளிர்நாட்டார்க்கு ஜப்பானிய ஹாலியின் ஸ்கை பென்சில் என்னும் வகை உண்டு. 1985-இல் ஜப்பானின் டைசன் மலையில் கண்டெடுக்கப்பட்டது. சுமார் 3 மீட்டர் உயர்ந்தும் அகலம் ஒரு மீட்டரை எட்டாதது. அது நம் சமவெளிக்கு உரியதன்று. நமக்குத் துஜா இருக்கிறது. மடித்த விசிறிகளை நிறுத்தி அடுக்கினாற் போன்ற இலைக்கொத்துடைய அச்சீனநாட்டுச் செடியைத் தோட்டங்களில் யாவரும் கண்டிருப்பர். நான்கு பக்கமும் வெயில் படவேண்டும். நிழல் பட்ட பக்கம் பழுத்துச் சொட்டையாகும். வேரில் நீர் தேங்கலாகாது. வாங்கும்போது கன்றின் அகலத்தைப் பாராது, முதிர்ந்த செடியின் அகலத்தைக் கேட்டு, இடைவெளியை அதற்கேற்ப விடுக. முதல் மூன்றாண்டு வரிசை பல்விழுந்த வாய் போலத் தோன்றும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வாயிலில் அழகுக்காக வைப்பதைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. ஒன்று போதும், இருபுறமும் ஒத்திருக்க வேண்டுமாயின் இரண்டு. பன்னிரண்டு தூண்களை வரிசையாக நிறுத்தினால், காண்பவர் கண் எங்கும் நில்லாது கடைசி வரையில் ஓடிவிடுகிறது. அன்றியும் ஓரினத்தையே எங்கும் நடுவதில் மற்றோர் இடரும் உண்டு. இத்தாலியின் தஸ்கனி நாட்டுக் குன்றுகளில் அணிவகுத்து நின்ற சைப்பிரஸ்களுள் பலவற்றை, பட்டையைப் பற்றி அழிக்கும் ஒரு காளான் நோய் சென்ற நூற்றாண்டில் மாய்த்துவிட்டது.

என் நெட்டிலிங்கங்களுள் மூன்றினை வெட்டுவித்தேன். தெருமூலையில் நின்ற ஒன்றினை, அதன் நிழல் தெருவில் விழுவதாலும், பழத்திற்குக் குயில் வருவதாலும், விட்டுவைத்தேன். திண்ணைக்கு எதிரே 3 மீட்டரில் துஜா ஐந்து நட்டேன். அவற்றுள் ஒன்று, நீர் தேங்கும் பள்ளத்தில் வைத்துவிட்டமையால், முதல் மழைக்காலத்திலேயே அழுகிப்போயிற்று. அவ்விடைவெளியினூடே, பாட்டியார் காலை வெயிலில் குனிந்து வற்றலைப் புரட்டிவிடுவது தெரிகிறது. அவ்விடத்தில் வேறு கன்று இன்னும் வைக்கவில்லை.